பம்ப் நின்ற மத்தியானம்

வடக்குத்து கிராமத்துப் பொன்னம்மாளுக்கு ஒரு பெருமை உண்டு. புருசனிடம் எந்தச் சண்டையிலும் அவள் தோற்றதில்லை. காரணம் தெருவுக்கே தெரியும்: கண்ணையனுக்கு மூணு வார்த்தைக்கு மேல் மூச்சு வராது. நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப்புக்குக் காவல் இருந்துகொண்டு அவர் ஊதித் தள்ளிய பீடிகள் நுரையீரலை உப்ப வைத்துவிட்டன. பீடியை விட்டும் உப்பல் விடவில்லை. "ஏ பொன்னம்மா, நீ..." என்று அவர் இழுப்பதற்குள் அவள் தீர்ப்பைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஜெயித்து ஜெயித்து அவளுக்கே சலித்துவிட்டது. அந்த மனுசன் பழையபடி ஒரு முழுத் திட்டு திட்டமாட்டாரா என்று ஏங்கினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தான் நமக்குத் தெரியுமா என்ன?

புதுச்சேரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "நெஞ்சைத் திறக்கப் போறதில்லைம்மா. வாய் வழியா குழாய் விட்டு, கெட்டு உப்பிக் கிடக்கிற பக்கத்துல சின்னச் சின்ன வால்வு வைப்போம். காத்து வெளியே வரும், உள்ளே போகாது. அது சுருங்கினா நல்ல பக்கம் விரியும். எல்லாருக்கும் ஒத்து வராது, இவருக்கு வரும்."

"நம்ம பம்ப்புலயும்... அதான்," என்றார் கண்ணையன்.

வால்வு வைத்து, சில நாள் அங்கேயே படுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். மயக்கத்தில் கண்ட கனவை வீடு வந்ததும் துண்டுதுண்டாகச் சொன்னார். மைன்ஸின் அடியில் வெறுங்காலோடு நடந்தாராம். ஒரு பம்ப்பும் ஓடவில்லையாம். ஆனாலும் தண்ணீர் மட்டம் ஏறவில்லையாம். நிலக்கரிச் சுவர் மழைமேகம் மாதிரி மெத்தென்று இருந்ததாம்.

"கனவுலயும் டூட்டியா?" என்றாள் பொன்னம்மாள். அதிலும் அவளே ஜெயித்தாள்.

அன்று மத்தியானம் அவர் முருங்கை நிழலில் கட்டிலில் கிடந்தார். அனல்மின் நிலையத்துப் புகை வெள்ளைப் பசுவாகி, பசு படகாகி, வானத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. நிலைப்படியில் தலைவைத்த பொன்னம்மாளும் அந்தப் படகிலேயே ஏறிப் போய்விட்டாள். வருசக்கணக்காக அவள் தூக்கம் மிதந்தது அவருடைய "கீச்... கீச்" இழுப்பின் மேல்தான். 'பம்ப் சத்தம் இருக்கிற வரைக்கும் தூங்கு, நின்னா எழுந்து ஓடு' என்று அவர் சொல்லிக்கொடுத்த பாடம் வேறு.

சத்தம் நின்றது. படகு கவிழ்ந்தது.

"ஐயோ, பம்ப்பு நின்னு பூட்ச்சே!"

பக்கத்து வீட்டு அகிலா சுவரேறிக் குதித்தாள். எதிர்வீட்டு மாணிக்கம்மாள் வரும்போதே ஒப்பாரியோடு வந்தாள். போன பொங்கலிலிருந்தே தயாராய் வைத்திருந்தாளோ என்னவோ.

கண்ணையன் கண்ணைத் திறந்தார்.

"ஏண்டி பொன்னம்மா, ஒரு மனுசன் இத்தினி வருசங் கழிச்சி இழுப்பு இல்லாம செத்த நேரம் தூங்கிகினு இருந்தா, தெருவக் கூட்டி, பாடத் தெரியாத இவளக் கூட்டி ஒப்பாரி வைப்பியா?"

எங்கும் அறுபடவில்லை. ஒரே மூச்சு. மாணிக்கம்மாள் ஒப்பாரியைப் பாதி வரியில் நிறுத்திவிட்டாள். அவளுக்குத்தான் இப்போது மூச்சு முட்டியது.

பொன்னம்மாளின் நாக்கு நுனிக்குச் சுடச்சுட ஒரு பதில் வந்தது. அதை அப்படியே விழுங்கினாள். கட்டில் காலருகே உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பறம்?" என்றாள். "இன்னும் திட்டுங்க."