தொலைநோக்கியை ஆட்டியவள்

விண்வெளியில் சுற்றும் அந்தத் தொலைநோக்கி காலையிலேயே தூங்கப் போய்விட்டது. உள்ளே ஏதாவது சரியில்லை என்று பட்டால் வேலையைப் போட்டது போட்டபடி நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும்படி அதைப் பழக்கியிருந்தார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இன்றைக்குப் பார்த்தா படுக்க வேண்டும் என்று பம்பரத்துக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பம்பரம் என்பது அவளுடைய பட்டப்பெயர். தொலைநோக்கிக்குள் சுழலிகள் என்று சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன. கெட்டியான எண்ணெய்க்கு நடுவே ஓயாமல் சுற்றியபடி, எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருப்பவை அவைதான். அவற்றைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. போன் பேசினால்கூட அறையைச் சுற்றிச் சுற்றி வந்துதான் பேசுவாள். பெயர் வைத்தவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டடத்தில் இரண்டு தளங்கள். மேலே கண்டுபிடிப்பவர்கள், கீழே பழுதுபார்ப்பவர்கள். மேலே இருப்பவர்களின் பெயர் பத்திரிகையில் வரும். கீழே இருப்பவர்களின் பெயர் தொலைநோக்கி நின்றுபோனால் மட்டும் வரும், அதுவும் போனில், திட்டோடு சேர்ந்து.

மேல்தளத்து விஞ்ஞானி ஒருத்தி பம்பரத்தின் அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாத்தனார் தொலைநோக்கியை அண்ணி பக்கம் திருப்பிவிட்டாள், அண்ணி பார்த்துக்கொண்டாள் என்று நாலு பேர் வாயில் விழக்கூடாது என்பதற்காக அண்ணி போட்ட சட்டம் அது. வீட்டில் ஒரே போர்வைக்குள் கால் நீட்டிக்கொண்டு ஊர்வம்பு பேசுகிறவர்கள், மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ‘வணக்கம் மேடம்’, ‘வணக்கம்’ என்று விறைப்பாகப் போவார்கள். திருப்பம் தாண்டியதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

இன்றைக்கு அண்ணியின் மானம் அந்தத் தொலைநோக்கியிடம் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கோ எட்டாத தூரத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. அதன் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் பெரிய விண்மீன் கூட்டம் ஒன்று குறுக்கே நின்றதால், அதன் ஈர்ப்பில் ஒளி வளைந்து இரண்டு வழியாகப் பிரிந்துவிட்டது. குறுக்கு வழியில் வந்தது முன்பே வந்து சேர்ந்து, எல்லோரும் பார்த்து, மங்கியும் போயிற்று. சுற்று வழியில் வருவது இனிமேல்தான் வரவேண்டும். ஒரே வெடிப்பை இரண்டாம் முறையும் பார்க்கலாம். அது எப்போது என்பதில்தான் தகராறு. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும் என்றார்கள் மற்றவர்கள். இல்லை, இந்த வாரத்துக்குள் வந்துவிடும் என்று அண்ணி மாநாட்டில் எழுந்து நின்று சொன்னாள். சபை சிரித்தது. அண்ணி வீட்டுக்கு வந்து, கணக்கு தப்பாகப் போனால் இந்த வேலையையே விட்டுவிடுவேன் என்று அழுதாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இன்றைக்கு விட்டால் அந்த ஒளி வரவேண்டிய வானத்து மூலையைப் பார்க்க முடியாது. சூரியன் அந்தப் பக்கம் நெருங்கிவிடும். அப்புறம் பல மாதங்களுக்குத் தொலைநோக்கியை அங்கே திருப்பினால் அதன் கண் பொசுங்கிவிடும். மறுபடி பார்க்கும்போது அந்த ஒளி வந்திருந்தாலும், எப்போது வந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணி படியிறங்கி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“எழுந்திரிச்சிடுச்சா?” என்றாள்.

“எழுப்பிட்டேன் மேடம். ஆனா ஒரு சுழலி உளறுது. தொலைநோக்கி சும்மா கிடக்கும்போதே ‘வேகமா சுத்துறோம், வேகமா சுத்துறோம்’ங்குது. மத்த ரெண்டையும் வச்சு மெதுவா திருப்பிடலாம். ஆடாம அசையாம நிக்கணும்னா மூணும் வேணும்.”

“வேற சுழலி இல்லையா?”

“இருந்ததெல்லாம் எப்பவோ செத்துப்போச்சு.”

அண்ணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். பம்பரம் அவள் முகத்தைப் பார்க்காமல் திரைப் பக்கம் திரும்பினாள். தொலைநோக்கி தூங்கியதால் அண்ணி தோற்றாள் என்று ஆகிவிட்டால் இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் சாப்பிட உட்காருவது?

சுழலியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். சுழலி உளறியது. மறுபடி அணைத்துப் போட்டாள். இன்னும் சத்தமாக உளறியது. எண்ணெயில் ஒரு குமிழி மாட்டிக்கொண்டு சக்கரத்தை இடைஞ்சல் செய்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டில் தேன் பாட்டிலில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம்? ஆட்டுவோம்.

“ஆட்டிப் பாக்கலாம்” என்றாள்.

“எதை?” என்று கேட்டார் அப்போதுதான் உள்ளே வந்த இயக்குநர். அவர் பெயர் ஆதாரம். அதுவும் பட்டப்பெயர்தான். யாராவது தும்மிவிட்டுச் சளி பிடித்திருக்கிறது என்றால்கூட, என்ன ஆதாரம் என்று கேட்கிற மனுஷர்.

“தொலைநோக்கிய சார். இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி.”

“ஆட்டினா சரியாகும்ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

“ஒண்ணும் இல்ல சார். ஆட்டாம இருந்தா சரியாகலங்கிறதுக்கு மட்டும் காலையிலேருந்து ஆதாரம் இருக்கு.”

அவர் உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மெதுவா” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

எங்கேயோ நின்று ஆட்டுவதை அண்ணியின் மூலைக்கு எதிரே நின்று ஆட்டினால், சரியான அடுத்த நொடியே படம் எடுத்துவிடலாம் என்று பம்பரம் கணக்குப் போட்டாள். தொலைநோக்கியை அங்கே திருப்பினாள். பிறகு இடது பக்கம் ஒரு கட்டளை, வலது பக்கம் ஒரு கட்டளை. ஒரு பள்ளிப் பேருந்து அளவுக்கு இருக்கிற அந்தப் பெரிய உடம்பு, பூமிக்கு மேலே அத்தனை உயரத்தில், அசைந்து நின்று மறுபடி அசைந்தது. திரையில் அதன் சின்னப் பொம்மை உருவம் அதே மாதிரி ஆடியது.

ஆரம்பத்தில் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் மின்கலம் பார்க்கிறவர் தலையை ஆட்ட ஆரம்பித்தார். வெப்பம் பார்க்கிற அம்மா சக்கரம் வைத்த நாற்காலியோடு இடமும் வலமும் உருண்டாள். இடது என்றால் அறையே இடது பக்கம் சாய்ந்தது, வலது என்றால் வலது. பம்பரம் நின்றுகொண்டே பொத்தான்களைத் தட்டினாள், இடுப்பு தன்பாட்டில் ஆடியது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தால், அழுது சிவந்த கண்ணோடு அவளும் ஆடிக்கொண்டிருந்தாள்.

“இப்ப மேல கீழ. அப்புறம் ஒரு சுழி சுழிச்சு விடுறேன்.”

“வாந்தி எடுத்துடப் போகுது” என்றார் மின்கலக்காரர்.

சுழித்து விட்டாள். உளறிக்கொண்டிருந்த எண் சட்டென்று விழுந்தது. அப்படியே நின்றது. சுழலி சமர்த்தாக உண்மை பேசியது. அறையில் ஒரே கூச்சல். வெப்பக்கார அம்மா மின்கலக்காரரின் வழுக்கையைத் தட்டித் தாளம் போட்டாள். பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

சுற்றி முடித்துத் திரையைப் பார்த்தால், தொலைநோக்கி அந்த மூலைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டிருந்தது. சூரியன் எல்லைக்கு வந்துவிட்டது. கண்ணைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே விலகிவிட்டது. இனி யார் கெஞ்சினாலும் அங்கே பார்க்காது.

கூச்சல் அடங்கியது. அண்ணி கையை விடுவித்துக்கொண்டாள். “பரவால்ல” என்றாள் மெல்ல. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கலாம் என்று பம்பரத்துக்கு இருந்தது.

அப்போதுதான் பக்கத்துத் திரையில் ஒரு படம் வந்து இறங்கியது.

“இது யார் கேட்ட படம்?” என்றாள் வெப்பக்கார அம்மா.

பம்பரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நேரம் மிச்சமாகட்டும் என்று கேமராவுக்கான கட்டளைகளைக் காலையிலேயே ஏற்றி வைத்திருந்தாள். ஆட்டுவதற்கு முன்னால் அவற்றை நிறுத்தி வைத்திருக்க வேண்டும். ஆட்டும் அவசரத்தில் மறந்தே போனாள். தொலைநோக்கி குதியாட்டம் போட்ட நேரமெல்லாம் கேமரா கடமை தவறாமல் கண்ணைத் திறந்து வைத்திருந்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு புள்ளிகூடப் புள்ளியாக இல்லை. இடம் வலம் மேல் கீழ் என்று இழுபட்டு, கடைசியில் ஒரு சுழியோடு, ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு கோணல் ‘ழ’ போட்டிருந்தது. விண்மீன் கூட்டங்கள் தடித்த பேனாவால் போட்டிருந்தன. வானம் முழுக்க ஒரே ‘ழ’.

அண்ணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பம்பரமும் அசடு வழியச் சிரித்தாள். திடீரென்று அண்ணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“பழைய படத்த எடு.”

பம்பரம் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அந்த மூலை அண்ணிக்குத் தண்ணீர்பட்ட பாடு. பெரிய கூட்டத்தின் ஓரத்தில், பழைய படத்தில் ஒன்றுமே இல்லாத இருட்டில், புதிய படத்தில் மெல்லிசாக ஒரு குட்டி ‘ழ’ இருந்தது. அவள் கணக்குப் போட்ட அதே இடம்.

இரண்டு பேரும் திரையோடு ஒட்டிக்கொண்டு குனிந்தார்கள். கூச்சல் நின்றுபோனதே என்று விசாரிக்க வந்த ஆதாரம் அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது கேமராவோட கோளாறா இருக்கலாம். இல்லங்கிறதுக்கு என்ன ஆதாரம்?”

“கோளாறான புள்ளி கேமராவிலேயே இருக்கும் சார்” என்று ஆரம்பித்தாள் அண்ணி. “தொலைநோக்கி எப்படி ஆடினாலும் அது இருந்த இடத்துல புள்ளியாத்தான் நிக்கும். இது ஆடியிருக்கு பாருங்க. மத்த நட்சத்திரமெல்லாம் எப்படி வளைஞ்சிருக்கோ, வளைவுக்கு வளைவு அப்படியே. வானத்துல இருக்கிறதாலதான்.”

“நேரா எடுத்திருந்தா வெறும் புள்ளி, நம்பியிருக்கவே மாட்டீங்க சார்” என்றாள் பம்பரம். “சொல்லுங்க அண்ணி.”

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். ஆதாரம் படத்தை விட்டுவிட்டு இரண்டு முகங்களையும் பார்த்தார்.

“இதை ஆட்டினது யாரு?”

“நான்தான் சார். கேமராவ நிறுத்த மறந்ததும் நான்தான்.”

“என் நாத்தனார் சார்” என்று அண்ணி அவள் தோளில் கையைப் போட்டாள். போட்ட சட்டத்தை அவளே காற்றில் விட்டாள்.

“நாத்தனாரா? உங்களுக்கா?” வழக்கம் அவரை விடவில்லை. “என்ன ஆதாரம்?”

“தப்பு பண்ணினது அவ. பெருமைல கால் தரையில படாம நிக்கிறது நான்” என்றாள் அண்ணி. “இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்?”