விமானத்தில் எழுதியிருந்த வார்த்தையும் பல் டாக்டரும்

1

இந்தக் கதை எனக்கு எப்படித் தோன்றியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையில் தோன்றியது. வரலாற்று உணர்வு, மனிதநேயம், மொழியின் வன்முறை என்றெல்லாம் முன்னுரை எழுதலாம், எழுதியும் பார்த்தேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் சரி, டாக்டர் மேல இருக்கிற வயித்தெரிச்சல எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். முன்னுரையைக் கிழித்துப் போட்டேன்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். பழைய போர் விமானம் ஒன்றைச் சனிக்கிழமைதோறும் கூடிப் பழுதுபார்க்கும் சங்கத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர். அது இனிப் பறக்காது, பார்வைக்குத்தான் வைக்கப்போகிறோம். ஆனாலும் அதில் ஒரு திருகாணி மாறிவிட்டால் எங்களுக்குச் சோறு இறங்காது. நான் அங்கே பதினோரு வருடமாக இருக்கிறேன். சங்கத்தின் மாத இதழுக்கு நான்தான் ஆசிரியர். பிழைப்புக்கு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் துண்டுச்சீட்டுகளை எழுதுகிறேன். வாந்தி, தலைசுற்றல், அரிதாக மயக்கம் ஆகியவை பற்றி லட்சக்கணக்கான பிரதிகள் வெளிவந்த எழுத்தாளன். ஒருவரும் படித்ததில்லை. டாக்டர் சங்கத்துக்கு வந்து இரண்டே வருடம். அவர் பேச ஆரம்பித்தால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறார்கள். தொழில் ராசி.

2

தொடக்கங்கள்.

(அ) "கொட்டகையின் தகரக் கூரை வழியாக வெயில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, மஞ்சள் நிறத்தில் ஓர் எழுத்து" – வேண்டாம். வெயில் மெல்ல இறங்கும் கட்டுரைகள் இதழுக்கு மாதம் இரண்டாவது வருகின்றன. திருப்பி அனுப்புகிறவனே எழுதக் கூடாது.

(ஆ) "அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் நான்." உண்மைதான், ஆனால் பீற்றிக்கொள்வது போல இருக்கிறது. பீற்றிக்கொள்ளத்தான் எழுதினேன்.

(இ) அந்த வார்த்தையையே கதையின் முதல் வார்த்தையாக வைப்பது. பென்சிலில் எழுதிப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "உங்க சங்கத்துல இருக்கிற அந்தம்மா இதப் படிக்க மாட்டாங்களா?" என்றாள். அழித்துவிட்டேன். அது வர வேண்டிய இடத்தில் இந்தக் கதையில் கோடுதான் வரும்.

[கோடு போடுவது மரியாதையா, கோழைத்தனமா என்று எனக்குத் தெரியவில்லை. சங்கத்தில் நடந்த சண்டையும் இதேதான். அங்கே காகிதத்துக்குப் பதிலாக அலுமினியத் தகடு.]

3

நடந்தது இது. விமானி உட்காரும் ஜன்னலுக்குக் கீழே, தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்தது வெள்ளி பெயிண்ட். போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஒரு பள்ளி மைதானத்தில் விமானத்தைக் காட்சிக்கு நிறுத்தியபோது பூசியது. வெள்ளி போனதும் கீழே மஞ்சளில் கையெழுத்து தெரிந்தது: "——— வேட்டைக்காரன்." அதற்குக் கீழே ஏழு சின்னக் கோடுகள். சுட்டு வீழ்த்திய விமானம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு.

அந்த ——— என்பது எதிரிச் சிப்பாய்களை மட்டும் திட்டும் வார்த்தை இல்லை. அந்த இனத்தில் பிறந்த கைக்குழந்தை வரைக்கும் சேர்த்துச் சொல்வது.

நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். மேலே ஜன்னலிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. விமானத்தின் மின்கம்பிகள் முழுக்க ஒரு பெண்ணின் பொறுப்பு. வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு வருடமாக எனக்கும் அவருக்கும் ஒரே பிளாஸ்க் டீ. அவர் அந்த எழுத்தைத் தலைகீழாகப் படித்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். "எப்படி இருக்கு பாருங்க!" என்று நான் இன்னொரு தடவை வேறு கத்தினேன்.

அவர் அந்த இனத்தைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். அவர் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு மேலே ஏறிப்போய், அந்தக் குறுகலான இடத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை. தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கூடக் கேட்டுப் பார்த்தேன்.

பிறகு ஒரு நாள் டாக்டரிடமே கேட்டேன். "உங்ககிட்ட மட்டும் எப்படிச் சொன்னாங்க?"

"கேட்டேன். சொன்னாங்க" என்றார்.

ஆறு வருடத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எந்தப் பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார், டீயில் எத்தனை சர்க்கரை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவருடைய அப்பா எந்த ஊரிலிருந்து ஓடிவந்தார் என்பது டாக்டருக்குத் தெரியும். இந்தக் கணக்கில் யார் அதிக நண்பர் என்று நீங்களே சொல்லுங்கள், வேண்டாம், சொல்லாதீர்கள்.

4

அடுத்த சனிக்கிழமை கூட்டம். தேய்த்ததில் எழுத்துகள் மங்கிவிட்டன. போர்டு எழுதுபவரை வைத்துத் திரும்ப எழுத வேண்டும். எழுதலாமா, விடலாமா?

எங்கள் தலைவர் பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரையே டிப்போ என்றுதான் கூப்பிடுவோம். சங்கத்தின் ஒரே சட்டம் அவர் போட்டது: போரில் கடைசியாகப் பறந்த நாளில் விமானம் எப்படி இருந்ததோ, அப்படியே இருக்க வேண்டும். ஒரு கீறல் கூடக் குறையக் கூடாது.

"எனக்கும் அந்த வார்த்தை பிடிக்கலய்யா" என்றார் டிப்போ. "ஆனா இன்னைக்கு இத எடுத்தோம்னா, நாளைக்குக் குண்டு பட்ட ஓட்டைய அடைங்கம்பாங்க. நாம அழகு பண்ண வரல. இப்படியெல்லாம் நடந்துச்சுன்னு காட்ட வந்திருக்கோம். மறைச்சா, எழுதினவனுக்குத்தான் நல்ல பேரு."

இது சாதாரண வாதம் இல்லை. பாதிப் பேர் தலையாட்டினார்கள். பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்துவிடலாம் என்றார் ஒருவர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

லிஃப்ட் மெக்கானிக் கையில் இருந்த ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தார்.

அப்போது டாக்டர் எழுந்து சொன்னது:

"தலைவரே, அந்தப் பழைய எழுத்து அப்படியே தெரிஞ்சிருந்தா அது அவன் எழுதினது. நாம திரும்ப எழுதினா அது அவன் எழுதினது இல்ல. பெயிண்ட் காயிற வரைக்குமாவது அது நாம எழுதினது. அந்த ஈரத்துக்குப் பக்கத்துல நின்னு அவங்க ஒயர் மாட்டணும்."

எனக்கு அடிவயிற்றில் எரிந்தது. எழுத்தாளன் நான். இந்த வாக்கியம் எனக்கு வந்திருக்க வேண்டும்.*

(* முதல் வரைவில் இதை நான் சொன்னதாகவே எழுதினேன். இரண்டாவது வரைவில் டிப்போவுக்குக் கொடுத்தேன். மூன்றாவதில் டாக்டருக்கே கொடுத்து, கூடவே திக்குவாயையும் கொடுத்தேன். மனைவி படித்துவிட்டு, "நல்லாத்தானே பேசுவாரு அவரு" என்றாள்.)

டிப்போ தாடையைச் சொறிந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எடிட்டர், நீதானே தேய்ச்ச? வெள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவுல வேற எதுவும் இருந்துச்சா?"

"இல்ல" என்றேன். "வெள்ளி, அதுக்கு அடியில நேரா எழுத்து."

அப்படியென்றால் கடைசி நாளிலும் அந்த வார்த்தை அங்கே இருந்திருக்கிறது. சட்டம் சட்டம்தான். வருகிற சனிக்கிழமை போர்டு எழுதுபவர் வருவார் என்று முடிவானது. டாக்டர் உட்கார்ந்தார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் சொன்னது எடுபடவில்லை. எனக்கு இனித்தது. மறைக்க மாட்டேன்.

5

மறைத்தேன்.

மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். "வெள்ளி போனதும் கீழே மஞ்சளில் கையெழுத்து தெரிந்தது" என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் சொன்ன அதே பொய்யை உங்களிடமும் சொன்னேன். அந்த வரியை அடித்துவிட்டு இதைப் படியுங்கள்:

வெள்ளி போனதும் கீழே கரும்பச்சை தெரிந்தது. இரண்டு கை அகலத்துக்கு, தூரிகையால் அவசரமாக அடித்தது. ஓரம் கோணல். ஓரிடத்தில் தூரிகையின் மயிர் ஒன்று பெயிண்டோடு சேர்ந்து காய்ந்திருந்தது. அந்தப் பச்சை எனக்கு நன்றாகத் தெரியும். விமானத்தின் வாலில், போர்க்காலத்தில் ஒட்டுப் போட்ட குண்டு ஓட்டைகளின் மேல் அதே பச்சைதான் இருக்கிறது. அந்தக் கலவை போருக்குப் பிறகு கிடைக்கவில்லை. இதைப் பற்றி நானே இதழில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். (ஒருவரும் படித்ததில்லை.)

அதாவது, போர் நடந்துகொண்டிருந்தபோதே யாரோ ஒருவர் அந்த வார்த்தையை மூடியிருக்கிறார். எழுதினவனேவா, பக்கத்திலிருந்த மெக்கானிக்கா, தெரியாது. கீழே இருந்த ஏழு கோடுகளை மூடவில்லை. அவற்றின் மேல் வெள்ளி மட்டும்தான். வார்த்தையை மட்டும் மூடியிருக்கிறார்.

எந்த அடுக்கையும் போட்டோ எடுக்காமல் தேய்க்கக் கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம். கேமரா என் பையில்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின வாரம் டாக்டர் இறக்கைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, யாரோ பென்சிலில் போட்ட கையெழுத்தைக் கண்டுபிடித்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பச்சையின் ஓரத்தில் நூலளவு மஞ்சள் தெரிந்ததும் எனக்குக் கை நிற்கவில்லை. அவர் அடுத்ததைக் கண்டுபிடிப்பதற்குள் நான் ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டும். தேய்த்தேன். பச்சை முழுவதும் தண்ணீரோடு கரைந்து தரையில் ஓடி, வடிகாலில் போய்விட்டது.

அது அவசரத்தில் செய்த தப்பு. அதை மன்னிக்கலாம். டிப்போ கேட்டபோது சொன்ன "இல்ல" இருக்கிறதே, அதில் அவசரம் எதுவும் இல்லை. ஆமாம் என்றிருந்தால் அந்த நிமிஷமே சண்டை முடிந்திருக்கும். சட்டப்படியே வார்த்தை வேண்டாம் என்று ஆகியிருக்கும். ஆனால் டாக்டர் ஜெயித்ததாக ஆகியிருக்கும்.

6

முடிவுகள்.

முதல் முடிவு: கூட்டத்தில் எழுந்து உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் உறைந்துபோகிறார்கள். டாக்டர் மட்டும் எழுந்து வந்து என் தோளில் கை வைத்து, "எல்லாருக்கும் நடக்கிறதுதான். சொன்னீங்களே, அதுவே பெரிசு" என்கிறார், அந்தக் குரலில். கைதட்டல். யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? என்னை வெளியே தள்ளினாலும் தாங்கிக்கொள்வேன். அவர் என்னை மன்னிப்பதைத் தாங்க முடியாது.

இரண்டாவது: டிப்போவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. அந்த இடத்தைத் தேய்த்தது உலகத்திலேயே நான் ஒருவன்தான். மொட்டைக் கடுதாசியில் கையெழுத்தையும் போட்டுவிடலாம்.

மூன்றாவது: எதுவும் சொல்லாமல் இருப்பது. போர்டு எழுதுபவர் வருகிறார், எழுதுகிறார், மஞ்சள் காய்கிறது. நான் பக்கத்தில் வைக்க விளக்கப் பலகை எழுதுகிறேன். "இவ்வார்த்தை சிலருக்கு மனவருத்தம் தரக்கூடும்" என்று தொடங் –

இல்லை. அது என்னால் முடியாது. மனவருத்தத்தைப் பக்கவிளைவுப் பட்டியலில் சேர்க்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. முக்கால்வாசி எழுதிவிட்டேன் என்பது வேறு விஷயம்.

7

நேற்று, புதன்கிழமை, எங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. காலையில் உள்ளே நுழைந்தால், தரைத்தளத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். லிஃப்டின் பொத்தான் பலகை கழற்றி மடியில் இருந்தது.

"சனிக்கிழமை வருவீங்கல்ல?" என்று கேட்டேன். ஆறு வருடத்தில் நான் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

"பாக்கலாம் எடிட்டர் சார். ஒயரிங் கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. இனி நான் வந்துதான் ஆகணும்னு இல்ல."

"அந்த வார்த்தையாலயா?"

அவர் ஒரு ஒயரை இழுத்துப் பார்த்தார். "எழுதினா எழுதட்டும், விட்டா விடட்டும். எங்கப்பா அத ரோட்லயே கேட்டுக்கிட்டு வளந்தவரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அத எழுதினவங்கள்ல ஒருத்தனுக்காவது, ஒரே ஒரு நாளாவது, அப்புறம் கூசியிருக்குமா?"

நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர்கிட்ட கேட்டேன். கண்டிப்பா கூசியிருக்கும்னாரு" என்றார். "அவரு நல்லவரு, வேற எப்படிச் சொல்வாரு? நீங்க சொல்லுங்க. நீங்கதான் அந்த இடத்த விரலால தொட்டுப் பாத்தவரு."

டாக்டரிடம் இல்லாத பதில் என்னிடம் இருந்தது. இதற்குத்தானே இரண்டு வருடமாகக் காத்திருந்தேன்? ஆனால் அதைச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அடுத்து வரும்.

"அதெப்படிங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, நான்கு மாடியும் படியேறிப் போனேன்.

8

இன்று வியாழன். நாளை இதழ் அச்சுக்குப் போகிறது. இந்தக் கதை பதினான்காம் பக்கத்தில் தயாராக இருக்கிறது. அது அங்கே இருக்கும், அல்லது அந்த இடத்தில் எண்ணெய்க் குழாய்களைத் துப்புரவு செய்வது பற்றி ஒரு கட்டுரை இருக்கும். ஆசிரியர் நான்தான், நாளை மதியம் வரை எனக்கு நேரம் இருக்கிறது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று சொல்வது இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம். நான் அப்படிப் பெருந்தன்மையாக விடவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் விடுகிறேன்.

மனைவி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "முன்ன பின்ன தெரியாதவங்ககிட்டல்லாம் சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட மட்டும் சொல்லல" என்றாள்.

ஆமாம். அவர் கேட்டதற்கான பதில் இப்போது உங்களிடமும் இருக்கிறது. ஒருவனுக்குக் கூசியிருக்கிறது. கையில் அகப்பட்ட தூரிகையை எடுத்து, அவசரமாக, கோணலாக, பச்சை அடித்திருக்கிறான். நீங்கள் என்றைக்காவது ஏதோ ஒரு கட்டிடத்தில் லிஃப்டுக்காக நிற்கும்போது, அங்கே ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் மாட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பேச்சுக் கொடுக்கலாம், அவர் கேட்கலாம், நீங்கள் சொல்லிவிடலாம். அவர் முகம் அப்போது எப்படி மாறும் என்பதை நீங்கள் பார்ப்பீர்கள்.

எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவீர்களோ என்று இப்போதே எனக்கு எரிகிறது.