திக்பென்னுக்கு அடுத்த பெயர்

வாக்களித்தவர்களுக்குக் குறியிட்டிருந்த இரண்டாம் வார்டு வாக்காளர் பட்டியலின் நகலைச் சமையலறை மேசைமேல் பரப்பி, வராதவர்களின் பெயர்களை மார்வா பென்சிலால் வட்டமிடத் தொடங்கியபோது, அவளுடைய தந்தை எல்மோர் டாலிவர் கெளுத்தி மீனைச் சோளமாவில் புரட்டிக்கொண்டிருந்தார். நகரமன்றத் தேர்தலில் அவளுக்கு அறுபத்தொரு வாக்கு. எதிர்த்து நின்ற ஹாஸ்கின்ஸுக்கும் அறுபத்தொன்று. மறுநாள் காலை பத்து மணிக்குச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்வார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் சட்டம் அப்படி.

“ஒரே ஒரு ஓட்டுப்பா. எவன் வீட்டுல படுத்துத் தூங்கினான்னு பாக்காம விடமாட்டேன். இதோ, நம்ம டெல்பர்ட் கேட்ஸ்! வரலை. ஓட்டுச்சாவடி அவன் வீட்டுக்கு நேரெதிர்ல.”

“முட்டி வலின்னான்.”

“மீன் வறுக்குற வாசனை அவன் வீட்டுக்குப் போகட்டும், அந்த முட்டி எப்படி ஓடிவருதுன்னு பாருங்க.”

எல்மோர் சிரித்தார். பட்டியல் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் இருந்தது; ‘T’யில் தொடங்கும் டாலிவர் கடைசிப் பக்கம்.

பத்தொன்பதாம் வயதில், அடுத்தவர் காட்டில் இரண்டு லாரி பைன் மரம் வெட்டி விற்றதற்காக அவர் பதினெட்டு மாதம் சிறையில் இருந்தார். தண்டனை முடிந்தது, வாக்குரிமை திரும்பவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு நடைமுறையில் இருந்த வழி ஒன்றுதான்: அவர் ஒருவருக்கென்றே ஒரு மசோதா எழுதி, மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை நிறைவேற்ற வேண்டும். மசோதாவில் பெயரும் குற்றமும் அச்சாகும். ஜனவரியில், மார்வா போட்டியிடப்போவதாகச் சொன்ன வாரத்தில், அவர் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம்வரை வண்டியை ஓட்டிப் போனார். வேட்பாளரின் தகப்பன் மரம் திருடியவன் என்று ஹாஸ்கின்ஸ் ஊர் முழுக்க வாசித்துக் காட்டினால் என்ன ஆகும் என்று வண்டிக்குள் இருந்தபடியே யோசித்தார், இறங்காமல் திரும்பிவிட்டார். மகளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்த மனைவி இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாக்குப்பதிவு நாளன்று, விடிந்ததுமே போய் வந்துவிட்டதாக மார்வாவிடம் சொன்னார். ஒவ்வொரு தேர்தலிலும் சொல்லிவந்த பொய்தான்; இதுவரை அதற்கு ஓர் எடையும் இருந்ததில்லை.

“திக்பென், வந்தாச்சு.” பென்சில் நின்றது. அவள் முந்தைய பக்கத்தைப் புரட்டினாள். மறுபடியும் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். “அப்பா, உங்க பேரு விட்டுப்போயிருக்கு. திக்பென்னுக்கு அடுத்து நேரா என் பேருதான். பட்டியல் போட்ட அந்த கிளார்க்கம்மாவுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா? உங்க ஓட்டைச் சேக்காம எண்ணியிருக்காங்கன்னா...”

அவள் எழுந்துவிட்டாள், தொலைபேசி கைக்கு வந்துவிட்டது. அவள் முகத்தில் மூன்று நாளாக இல்லாத வெளிச்சம். எல்மோரால் அதைத்தான் பார்க்க முடியவில்லை.

“போன் பண்ணாதம்மா.” அடுப்பை அணைத்தார். “நான் ஓட்டுப் போடலை. எனக்கு ஓட்டே கிடையாது.”

மரம், சிறை, மசோதா, ஜனவரி: நான்கே வாக்கியங்களில் சொல்லி முடித்தார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஜனவரியில கேட்டிருந்தா கெடைச்சிருக்குமா?”

“தெரியலைம்மா. நான் கேக்கவே இல்லையே.”

“ஊரு பேசிட்டுப் போகட்டும்னு விட்டிருப்பேன்பா,” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குப் பதில் சொல்ல எளிதாயிருந்திருக்கும்.

மார்வா உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். தன் பெயருக்குக் கீழே மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாக, உரக்க வாசித்தாள்.

“வாட்கின்ஸ், வந்தாச்சு. வோமாக், வரலை. யார்ப்ரோ, வந்தாச்சு.”

மாவு ஒட்டிய கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி, தன் பெயர் கூப்பிடப்படுவதற்குக் காத்திருப்பவரைப் போல, எல்மோர் அடுப்பருகே நின்றிருந்தார்.