சோற்றுக் கோபுரத்தின் நுனி

சுரபாயா கப்பல் பட்டறையில் லெஸ்தாரிக்கு இரண்டு வேலை. டச்சுக்காரத் தலைவன் சொல்வதைத் தொழிலாளிகளுக்குப் புரியவைப்பது ஒன்று. தொழிலாளிகள் சொல்லாமல் விழுங்குவதை அவனுக்குப் புரியவைப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் உயிரை வாங்கும். பெரியவர் முகத்துக்கு நேரே "இது சரியில்லை" என்று சொல்ல ஜாவாவில் யாருக்கு நாக்கு எழும்? "ஆகட்டும் ஐயா" என்பார்கள். ஆகவே ஆகாது.

தலைவன் யோரித் நல்லவன். அதுதான் வினையே! "குறை இருந்தா நேரா சொல்லுங்க" என்று வாராவாரம் கெஞ்சுவான். எல்லோரும் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது பாவேயன் தீவுக்குப் போகும் பயணிகள் படகு. லெஸ்தாரியின் அம்மா இருப்பது அந்தத் தீவில்தான்.

கடைசியில் ஒருவர் வாய் திறந்தார். வெல்டர் சுகொந்தோ. கூடவே உட்கார்ந்து காப்பி குடித்துக் குடித்து அவள் சம்பாதித்த நம்பிக்கை அது.

"புள்ள, அடித்தட்டு ஒட்டு மேலதான் பளபளப்பு, உள்ள வெறும் பொந்து. நான் சொன்னேன்னு மட்டும் வெளிய வந்துடக் கூடாது. ஹார்திமான் அண்ணன் பார்த்த பகுதி. எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே அவருதான்."

பேரை வெளியே விடக் கூடாது என்ற பேச்சோடு லெஸ்தாரி அதை யோரித்திடம் சொன்னாள். யாரும் தலைகுனியாமல் அந்த ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினார்கள். பட்டறை மேலாளர் ஹார்திமானும் விஷயம் தெரிந்தும் தெரியாத மாதிரியே இருந்துகொண்டார். லெஸ்தாரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

படகை இறக்குமுன் விருந்து. நடுவில் மஞ்சள் சோற்றுக் கோபுரம், சுற்றிலும் கோழியும் முட்டையும். "நுனியை வெட்டி யாருக்குத் தரணும்?" என்று யோரித் முதல்நாளே கேட்டிருந்தான்.

"நீங்க ரொம்ப மதிக்கிறவங்களுக்கு" என்றிருந்தாள் லெஸ்தாரி. ஹார்திமானைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. ஹார்திமான் அன்றைக்குப் புதுப் பட்டுச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

யோரித் நுனியை வெட்டினான். ஹார்திமானைத் தாண்டிப் போனான். சுகொந்தோவின் தட்டில் வைத்தான்.

"அவரு பகுதியில இருந்த தப்பை எனக்குத் தெரியப்படுத்தின தைரியசாலி!" என்று சொல்லிக்கொண்டே ஹார்திமானை நோக்கி விரலை நீட்டிச் சிரித்தான். "எல்லாரும் இவர மாதிரி இருங்க!"

மொழிபெயர்க்க வேண்டியவள் லெஸ்தாரி. 'நெடுங்காலச் சேவைக்காக' என்று பொய்தான் சொன்னாள். என்ன பயன்? நீட்டிய விரலுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா?

முதலில் கைதட்டியது ஹார்திமான்தான். முகம் நிறையச் சிரிப்பு. பிறகு எல்லோரும் தட்டினார்கள். சுகொந்தோ அந்தச் சோற்றைத் தொடவேயில்லை.

"ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க? பேரு வெளிய வரக்கூடாதுன்னு சொன்னேனே!" என்று யோரித்திடம் தனியே பொருமினாள் லெஸ்தாரி.

"தண்டனைக்குத்தானே பயந்தாரு? நான் பாராட்டிட்டேனே! ஹார்திமானே எவ்வளவு பெருந்தன்மையா எடுத்துக்கிட்டாரு, பார்த்தியா?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியிடம் என்ன பேசுவது!

ஹார்திமான் யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. சுகொந்தோ சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு முடிந்துவிடும். தட்டில் பாதிச் சோறு இருந்தாலும் எழுந்துவிடுவார்கள். மாற்றல் கேட்டார் சுகொந்தோ. எங்கே கேட்டாலும் ஆள் தேவையில்லை.

அதே தீவுக்குப் போகும் அடுத்த படகின் அடித்தட்டில் தண்ணீர் நிரப்பிச் சோதனை நடந்தது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. "பார்த்தியா, குழு எப்படி முன்னேறிடுச்சு!" என்று யோரித் பூரித்துப் போனான்.

லெஸ்தாரி படகுக்கு அடியில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். சுகொந்தோ குனிந்து நின்றிருந்தார். அவர் தலைக்கு மேலிருந்த ஒட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற கசிவை அவளே எழுதிக்கொள்வாள். தெரியாத பொந்துகளை இனி யார் சொல்லப்போகிறார்கள்?

"அண்ணே, என்கிட்டயாவது சொல்லுங்கண்ணே. எங்கம்மா போற படகுண்ணே."

ஈரத் தோளைத் துடைக்காமல் அவர் புன்னகைத்தார்.

"எல்லாம் நல்லாயிருக்குங்க, மேடம்."