பிரித்துவிட்ட தையல்

இருபது வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். வருகிறவர்களின் இடுப்பு அளவை உரக்கச் சொல்லக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதல் பாடம். டேப்பைப் பார்த்துவிட்டு, "அப்படியேதான் இருக்கீங்க" என்பேன். நோட்டில் மட்டும் உண்மையை எழுதிக்கொண்டு தாராளமாகத் தைத்துக் கொடுப்பேன். "இளைச்சிட்டேன் போல!" என்று வாயெல்லாம் பல்லாகப் போவார்கள். பொய் சொல்லியே நல்ல பெயர் எடுத்தவள் நான்.

என் மகளைச் செல்லமாகப் பூசணி என்று கூப்பிட்டதும் இதே வாய்தான். கல்லூரியில் சேர்ந்ததும் அந்தப் பூசணி சாப்பாட்டைக் குறைத்தாள். பிறகு நிறுத்தாத குறை. கன்னம் ஒட்டிப்போய், தோள் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. அவளோ கண்ணாடி முன்னால் நின்று, "எவ்ளோ குண்டா இருக்கேன் பாரும்மா" என்கிறாள். கெஞ்சினேன், கத்தினேன். சுவரோடு பேசியிருக்கலாம்.

கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். அவள் கல்லூரிக்குப் போன நேரம் பார்த்து, அலமாரியில் இருந்த பேண்ட், சட்டை எல்லாவற்றிலும் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திவிட்டேன். தொளதொளவென்று இருந்தால், இளைத்தது போதும் என்று சாப்பிட உட்காருவாள் என்று நினைத்தேன். நானும் ஒரு புத்திசாலி!

மறுநாள் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. "பாத்தியாம்மா, பட்டினி வேலை செய்யுது!" என்று குதித்தாள். அன்றிலிருந்து காலைச் சாப்பாடும் போயிற்று. மூன்றாவது வாரம் கல்லூரிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள்.

"இன்னும் இப்படியே போனா இதயம் தாங்காது" என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. அவர் வெளியே போனதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உடைத்துச் சொல்லிவிட்டேன்.

"நான்தான்டி உன் துணியெல்லாம் பிரிச்சுத் தளர்த்திவிட்டேன்."

அவள் முகம் வெளிறியது. "அப்போ நான் இளைக்கவே இல்லையா?"

"ஐயோ, இளைச்சிருக்கேடி! பிரிக்காமலே அதுல ரெண்டு பேர் நுழையலாம்."

"பொய். எனக்கு இறுக்கமாயிடுச்சு, மனசு கஷ்டப்படுவேன்னு பெருசாக்கியிருக்கே. கடைக்கு வர்றவங்களுக்குப் பண்றதைத்தானே எனக்கும் பண்ணினே?"

"இப்பவே அளந்து காட்டட்டுமா?"

"நீ சொல்ற அளவை நான் எப்படிம்மா நம்புறது?"

நர்ஸ் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டை அவள் என் பக்கம் தள்ளிவிட்டாள்.