வாய் மூடிய சிரிப்பு

1

செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. என் மாமாவை யாரென்று தெரியாது என்று ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது.

மாமா என்றால் அக்காவின் கணவர். நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. இதை எழுதலாமே என்ற எண்ணம். இந்தக் கதை பிறந்த விதம் இவ்வளவுதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

வெளியே வந்ததும் மாமா என்னைப் பார்த்தார்.

“என்னடா, மூஞ்சி பிரகாசமா இருக்கு? எழுதப் போறியா?”

“இல்ல மாமா.”

“எழுதிக்கோ. ஆனா என் பேரைப் போடாதே.”

போடவில்லை.

2

தொடக்கங்கள். எழுதி அடித்தவை.

வெளிநாட்டவர் குடியிருப்பு விதிகள் எங்கும் கடுமையாகிவரும் இன்றைய சூழலில்

(தலையங்கம். மாமாவிடம் படித்தால் கொட்டாவி விடுவார்.)

அலுவலகத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. ஆனால் எல்லோருக்கும்

(எதையோ உணர்த்தப் பார்க்கிறது. கதவு கதவாகவே இருக்கட்டும்.)

என் மாமா முடிதிருத்துபவர்.

(இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.)

3

என் மாமா முடிதிருத்துபவர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், சலவைக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் அவருடைய சலூன். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வாடிக்கையாளர் உட்காருவார். மற்றதில் அடுத்த வாடிக்கையாளர் உட்கார்ந்து முதலாமவரின் தலையைப் பற்றிக் கருத்துச் சொல்வார்.

இந்த வருடம் புது விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் எல்லோரும் நேரில் போய்க் கேமரா முன்னால் உட்கார வேண்டும். குடியிருப்பு அட்டை வாங்கிய அன்று எடுத்த படத்தோடு இன்றைய முகம் ஒத்துப்போக வேண்டும். இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் அட்டை ரத்து. நாட்டை விட்டு வெளியேறி, அங்கிருந்து முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம்.

எல்லோரும் மாமாவின் கடைக்கு ஓடிவந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. ஆனால் முகம் என்றதும் மனிதனுக்கு நினைவு வருவது சலூன்தான்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இயந்திரம் முடியைப் பார்ப்பதில்லை, எலும்பைத்தான் அளக்கிறது என்றார் ஒரு வாடிக்கையாளர். “அப்ப எலும்பு டாக்டர்கிட்ட போங்க” என்றார் மாமா. அவர் போகவில்லை. வெட்டிக்கொண்டார்.)

லாரி ஓட்டுநர் ஒருவர் தன் அட்டையை நீட்டினார். படத்தில் அடர்த்தியான சுருட்டை முடி.

“இதே மாதிரி பண்ணிடுங்கண்ணே.”

மாமா படத்தைப் பார்த்தார். ஆளின் தலையைப் பார்த்தார்.

“தம்பி, இருக்கிறதை வெட்டுறதுதான் என் தொழில். இல்லாததை எங்க போய் வெட்டுறது?”

“ஏதாவது பண்ணுங்க. பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் இங்க இருக்கு.”

மாமா ஏதோ பண்ணினார். காதுப் பக்கம் இருந்ததை முன்நெற்றிக்கு இடம் மாற்றினார். ஓட்டுநர் தேறிவிட்டார். அடுத்த முறை பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார்.

சமையல்காரர் ஒருவர் கன்னத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். மாமா கிருதாவைக் கீழே இறக்கிக் கன்னத்தைக் குறைத்தார். அவரும் தேறினார். மாமா கண்ணாடி ஓரத்தில் அட்டை நகலை ஒட்டிவைத்துக்கொண்டு, படம் பார்த்து வரைகிறவர் மாதிரி வேலை செய்தார். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. என் படத்தில் நான் எரிச்சலாக இருக்கிறேன். அது எனக்கு எப்போதும் வரும்.

முன்பெல்லாம் அட்டை நம்மைப் போல இருந்தால் போதும். இப்போது நாம் அட்டையைப் போல இருக்க வேண்டும்.

(மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது. இருக்கட்டும். கதைக்கு ஒன்று மட்டும்.)

கடைசியில் மாமா தன் தலையில் கைவைத்தார். மீசையைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார். நரைக்கு மை. வகிடு இடமிருந்து வலத்துக்குப் போனது. அட்டையையும் அவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள்.

ஊரையெல்லாம் தேற்றிவிட்டவரைத்தான் இயந்திரம் தெரியாது என்றது.

4

அக்கா இந்தக் கதையில் நேரில் வரமாட்டாள். வர முடியாது. கதையே அதுதான்.

மாமாவின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். பார்த்துக்கொள்ள அக்கா ஊருக்குப் போனாள். போன பிறகு விதி மாறியது. அவளுடைய அட்டை மாமாவின் அட்டையை நம்பி இருப்பது. மாமாவின் முகம் தேறினால்தான் அவள் திரும்பி வர அனுமதி. மாமியார் இப்போது எழுந்து நன்றாக நடக்கிறார். அக்காவால்தான் நகர முடியவில்லை.

அக்காவை முதலில் இப்படி எழுதினேன்:

அவள் ஜன்னலோரம் நின்றாள். கண்ணில் நீர் தளும்ப, வெகு தொலைவில்

இதை அவளிடம் போனில் படித்துக் காட்டினேன். இந்த ஒரு வரியை மட்டும்.

“நான் எப்படா ஜன்னல் பக்கத்துல நின்னேன்?”

“கதைக்காகக்கா.”

“அழ வேற விட்டிருக்கே. இங்க என் மாமியார் நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடறாங்க. உட்கார்ந்து அழ எனக்கு எங்கடா நேரம்?”

“சரி, எடுத்துடறேன்.”

“எடுத்துட்டு, பெட்டி கட்டறான்னு எழுது. உங்க மாமா எல்லாம் ஆச்சுன்னு சொல்லிட்டாரு. அனுமதி வந்தா கிளம்ப வேண்டியதுதான்.”

பேச்சை மாமியாரின் முழங்காலுக்குத் திருப்பினேன். மாமா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

(மாமா பொய் சொல்லிவிட்டார். அலுவலக வாசலைத் தாண்டுவதற்குள் அக்கா போன் பண்ணினாள். ‘ஆச்சு’ என்றார். வார்த்தை வந்த வேகத்தில் அவரே திகைத்துப்போனார். இன்னொரு வாய்ப்பு இருக்கிறது, அதில் தேறிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்பது அவர் கணக்கு. கதை எழுதுகிறவன் இதைக் குறைசொல்ல முடியாது.)

5

ஏன் தேறவில்லை என்பதைச் சொல்லாமல் தாண்டிவந்துவிட்டேன். திரும்பிப் போகிறேன்.

கவுன்டரில் இருந்த பெண் அதிகாரி திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“பழைய படத்துல சிரிக்கிறீங்க.”

“இல்லம்மா. வாய் மூடித்தான் இருக்கு.”

“வாய் மூடித்தான் இருக்கு. ஆனா சிரிக்கிறீங்க.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். உதடுகள் இறுக்கி மூடியிருந்தன. ஆனால் கன்னம் மேலே ஏறி, கண் சுருங்கி, மூக்கு விடைத்திருந்தது. அடுத்த நொடி வெடிக்கப்போகிற ஆளின் முகம். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அந்த நொடியில் படம் எடுக்கப்பட்டிருக்கிறது.

“இன்னைக்கு எடுத்ததைப் பாருங்க. தீர்ப்பு கேட்க வந்தவர் மாதிரி இருக்கீங்க.”

“சிரிக்காதீங்கன்னு சுவத்துல எழுதிப் போட்டிருக்கீங்களேம்மா.”

“பல் தெரியக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. அதுதான் விதி.” அதிகாரி குரலைத் தணித்தார். “சிரிப்பு வந்தா அடக்கிக்கக் கூடாதுன்னு விதியில எங்கேயும் இல்ல. அடுத்த செவ்வாய் இதே நேரத்துக்கு வாங்க. அதுதான் கடைசி.”

(இவரை முதலில் கல்நெஞ்சக்காரியாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதி. ஆனால் அவர் அப்படி இல்லை. கழுத்தில் வலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு நாள் முழுக்க முகங்களைப் பார்க்கிறார்.)

6

அந்த வாரம் சலூனில் முடிவெட்டு குறைவு. ஒத்திகைதான் அதிகம்.

மாமா கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார். நான் அட்டை நகலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இப்ப?”

“பல்வலி மாதிரி இருக்கு மாமா.”

“இப்ப?”

“யாரையோ ஏமாத்தப் போற மாதிரி இருக்கு.”

“இப்ப பாரு.”

“தும்மல் வருதா?”

வாடிக்கையாளர்கள் உதவிக்கு வந்தார்கள். லாரி ஓட்டுநர் ஒரு ஜோக் சொன்னார். பாதியில் அவரே சிரித்துவிட்டதால் மீதி யாருக்கும் தெரியாமல் போனது. சமையல்காரர் தன் முதலாளி உப்புப் பார்க்கும் விதத்தை நடித்துக் காட்டினார். மாமா வாய் விட்டுச் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. அது உதவாது. சாவிக் கடைக்காரர் விலாவில் குத்திப் பார்த்தார். மாமா கத்தரிக்கோலை ஓங்கினார்.

சிரிக்கக் கூடாத இடத்தில்தான் அடக்குகிற மாதிரிச் சிரிப்பு வரும். சலூனில் யாரும் யாரையும் சிரிக்காதே என்று சொல்வதில்லை. அதுதான் சிக்கல்.

“அன்னைக்கு மட்டும் எப்படி மாமா வந்துச்சு?”

“உங்க அக்கா எனக்குப் பின்னாடி வரிசையில நின்னா. நான் உட்கார்ந்தேன். அசையாதீங்கன்னாங்க. அந்த நேரம் பார்த்துப் பின்னாடி இருந்து மெதுவா ஒண்ணு சொன்னா.”

“என்ன சொன்னா?”

மாமா கண்ணாடியில் தன்னையே பார்த்தார்.

“அதான்டா ஞாபகம் வரல.”

இது என் துறை. நான் எழுதித் தந்தேன்.

ஒன்று: “மூச்சு விடுங்க. இல்லன்னா நான் வேற ஆளைத்தான் கூட்டிட்டுப் போகணும்.”

(மாமா: “இது நீ பேசறது. அவ இல்ல.”)

இரண்டு: “நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க இவ்வளவு அடக்கமா உட்காரலையே.”

(மாமா: “கிட்ட வந்துட்டே. ஆனா இவ்வளவு நீளமா பேச மாட்டா. ரெண்டு மூணு வார்த்தைதான். அதுலயே ஆளைச் சாய்ச்சுடுவா.”)

மூன்று:

(எழுத வரவில்லை. இத்தனை வருடம் எழுதுகிறேன், என் சொந்த அக்கா மாதிரி இரண்டு வார்த்தை பேச எனக்குத் தெரியவில்லை.)

“போன் போட்டு அவகிட்டயே கேட்டுடுங்களேன் மாமா.”

“கேட்டா எதுக்குன்னு கேப்பா.”

“சொல்லிடுங்க.”

“பெட்டி கட்டிட்டாடா.”

7

முடிவுகள்.

முதல் முடிவு. பச்சை விளக்கு எரிகிறது. விமான நிலையத்தில் அக்கா பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். மாமாவைப் பார்த்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி: “என்ன கோலம் இது?”

இரண்டாம் முடிவு. சிவப்பு. சாவிக் கடைக்காரர் நாற்காலிகளை எடுத்துக்கொள்கிறார். கண்ணாடியைக் கழற்ற முடியாமல் அப்படியே விடுகிறார்கள். மாமா ஊருக்குப் போகிறார். எப்படியோ இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டார்கள் இல்லையா? (இதை மாமாவிடம் சொன்னேன். அவர் சீப்பைத் துடைத்தார். துடைத்த சீப்பையே மறுபடி துடைத்தார். அடித்துவிட்டேன்.)

மூன்றாம் முடிவு. அன்று பார்த்து இயந்திரம் கெட்டுப்போகிறது. (சோம்பேறித்தனம்.)

மாமா மூன்றையும் படித்தார்.

“முதல்ல எழுதினதையே வச்சுக்கோ.”

“அது இன்னும் நடக்கலையே மாமா.”

“நடந்ததையா இத்தனை நாள் எழுதினே?”

8

இன்று செவ்வாய். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். திருகாணி போட்டுத் தரையோடு இறுக்கிய நாற்காலிகள். மாமா மீசையைத் தடவுகிறார், மை கையில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறார், மறுபடி தடவுகிறார். கவுன்டரில் அதே அதிகாரி. கழுத்தில் பட்டை இல்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி.

எனக்கு முடிவு தெரியாது. கீழே இடம் விட்டுவைக்கிறேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: பல் தெரியக் கூடாது.

(இத்தோடு முடிப்பதாக இருந்தேன். ஆனால் மாமா போனை எடுத்துவிட்டார்.)

“நான்தான். ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஆச்சுன்னு சொன்னேன்ல? ஆகல. இன்னைக்குத்தான் கடைசி.”

அக்காவின் பதில் எனக்கும் கேட்டது. எனக்குப் பின்வரிசைக்கும் கேட்டது.

“ஆகலையா? இன்னைக்கு அனுமதி வந்துடும்னு பெட்டியை வாசல் வரைக்கும் கொண்டுவந்து வச்சிருக்கேன்! உங்க அம்மாவை இப்பதான் கட்டிப்புடிச்சு அழுது முடிச்சேன்! அந்த எழுத்தாளனும் உங்ககூடச் சேர்ந்து மறைச்சானா? அவன்கிட்ட போனைக் குடுங்க!”

நான் பேனாவை மூடினேன். பிறகு திறந்தேன்.

மாமா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பலகையில் எங்கள் எண் எரிந்தது. அதிகாரி கையை அசைத்து, போனை வைக்கும்படி சைகை காட்டினார். மாமா எழுந்தார். ஒரு நிமிஷம் என்று அவருக்கு ஒரு விரலைக் காட்டிவிட்டு, போனை மறுபடி காதில் அழுத்தினார். கேமராவைப் பார்த்து நடந்துகொண்டே கேட்டார்.

“திட்டறதை வந்து திட்டு. அன்னைக்கு எனக்குப் பின்னாடி நின்னு என்னதான் சொன்னே?”