தாகமில்லாத தண்ணீர்

பிரீத்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ராஜகுமாரிக்கு அவளைப் பிடிக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். தீராத நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுடைய சிரமங்களைக் கேட்டு எழுதுகிறாளாம். ஊரார் சிரமத்தைக் கேட்பதற்கு இவ்வளவு தூரம் மலையேறி யாராவது வருவார்களா? புருஷனைத் தனியாகப் போட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகிறாள் என்று எழுதி யாரிடமாவது கொடுத்துவிட்டால்?

"அண்ணன் எங்கேங்க்கா?"

"உள்ள தூங்குறாரு."

எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் உள்ளே என்பது ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான். பாண்டியன் அங்கே கட்டிலில் படுத்திருந்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் இருமுறை ஊட்டியில் டயாலிசிஸ். சிறுநீர் பிரியாத உடம்பு என்பதால் குடிக்கும் தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில் அளவுதான் அனுமதி. அதை ராஜகுமாரி காலையிலேயே அளந்து வைத்துவிடுவாள்.

கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றதற்கு, "பக்கத்து வீட்டு ஆண்டாயி பெரியம்மா அப்பப்ப வந்து உக்காருவாங்க" என்றாள்.

"கடைசியா எப்பங்க்கா நல்லா தூங்குனீங்க?"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பாண்டியனுக்கு ராத்திரியெல்லாம் கால் பிடித்துக்கொள்ளும், உடம்பு அரிக்கும். அவன் அசையாமல் கிடந்தாலும் மூச்சு வருகிறதா என்று எழுந்து பார்ப்பாள்.

"தூக்கமா?" சிரித்துவிட்டாள். "போன வருசம் சளி முத்திப்போயி இவரை அட்மிட் பண்ணாங்க. ஆம்பளைங்க வார்டுல பொம்பளைங்க ராத்திரி தங்கக் கூடாதுன்னு அனுப்பி வச்சுட்டாங்க. அருவங்காட்டுல எங்க ரேணுகாக்கா குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சோறுகூட திங்கல. விழுந்தவதான், வெயிலு மூஞ்சியில அடிக்கிற வரைக்கும் எந்திரிக்கல. அப்படி ஒரு தூக்கம்!"

சொன்ன பிறகுதான் வெட்கமாக இருந்தது. "இதெல்லாம் எழுதிராதீங்க."

"உங்க பேரு எங்கேயும் வராதுங்க்கா" என்றாள் பிரீத்தி.

அடுத்த வாரம் டயாலிசிஸுக்குப் போனபோது பாண்டியனின் எடை ஏறியிருந்தது. மெஷினைக் கவனிக்கும் தேவநேசன் எடை முள்ளைப் பார்த்தார். வீங்கிய கால்களைப் பார்த்தார். பிறகு ராஜகுமாரியைப் பார்த்தார்.

"யாரும்மா இவருக்குத் தண்ணி குடுக்கறது?"

"நான் அளந்துதாங்க சார் வைக்கிறேன்."

"அளந்து வச்சா எப்படிம்மா ஏறும்? நுரையீரல்ல நீர் கோத்துக்கிட்டா ஆளே இருக்க மாட்டாரு."

பாண்டியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூச்சு இரைத்ததால் அன்று வார்டில் வைத்துக்கொண்டார்கள். அவள் வேறு வழியில்லாமல் அருவங்காட்டுக்குப் போனாள். மறுநாள் அழைத்துவர வந்தபோது அவன் கேட்ட முதல் வார்த்தை, "நல்லா தூங்குனியா?"

அது குத்தலாகத்தான் அவள் காதில் விழுந்தது. நான் சாகக் கிடக்கிறேன், உனக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்கிறான். பஸ்ஸில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

யார் கொடுக்கிறார்கள்? தண்ணீர்க் குடங்களோடு அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள். மறுநாள் சாயங்காலம் கட்டிலடியில் ஒரு கோப்பை கிடந்தது. அடியில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது. ஆண்டாயியின் கோப்பை. ஆண்டாயி சிறு பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். யாரைப் பார்த்தாலும் தேத்தண்ணி கொடுக்காமல் அவளுக்கு ஆறாது.

"பெரியம்மா, அவருக்கு டீ குடுத்தீங்களா?"

"எனக்கென்ன கிறுக்கா? அது நான் குடிச்ச கோப்பை புள்ள."

"தண்ணிக்குத் தவிக்கிற மனுசன் முன்னால உக்காந்து குடிப்பீங்களா? அவரு ஒரு வாய் கேட்டா, உங்களுக்கு மனசு கேக்குமா?"

ஆண்டாயி எழுந்து நின்றாள். "அப்ப உம் புருசனக் கொல்லத்தான் நான் இங்கன வந்து குந்திக்கிட்டிருக்கேன்? நல்லா இரு தாயி. இனி உன் வாசல மிதிச்சா ஏன்னு கேளு."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டியன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரியம்மா பெரியம்மா என்று உருகுகிறவன், இல்லை என்று சொல்லியிருக்கலாமே. கிழவியைக் காப்பாற்றுகிறான் என்றே ராஜகுமாரி நினைத்தாள்.

ஆனால் ஆண்டாயி வராத வாரத்திலும் எடை ஏறியது. மறுபடியும் வார்டு, மறுபடியும் அருவங்காடு, மறுபடியும் அதே கேள்வி. "நல்லா தூங்குனியா ராஜி?"

இப்போது மிச்சமிருந்தது பிரீத்தி ஒருத்திதான். அன்று வந்தபோது அவள் தோளில் ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது. தேயிலைக் காட்டிலிருந்தே ராஜகுமாரி போன் செய்தாள்.

"நான் இல்லாதப்ப வந்து அவருக்குத் தண்ணி குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லைங்க்கா. அன்னைக்கு உங்களைப் பாத்ததோட சரி. நான் அந்தப் பக்கமே வரலீங்க."

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அன்று மழை பிடித்துக்கொண்டதால் பகலிலேயே பறிப்பை நிறுத்திவிட்டார்கள். யாரிடமும் சொல்லாமல் லைனுக்குப் பின்பக்கமாக வந்தாள்.

பொதுக் குழாயடியில் பாண்டியன் நின்றிருந்தான். சுவரைப் பிடித்தபடி, ஒரு கையில் தண்ணீர் மக்கு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் தாகம் அவளுக்குத் தெரியும். வெயில் நாளில் உதட்டை நனைத்து நனைத்து வைப்பான், ஒரு மடக்கு என்று குழந்தை மாதிரிக் கெஞ்சுவான். இது அது இல்லை. கண்ணை இறுக மூடி ஒரு வாய் விழுங்கினான். குமட்டியது. நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். மறுபடி மக்கை வாய்க்குக் கொண்டுபோனான், கசப்பு மருந்தைக் குடிக்கிறவன் போல.

அவள் ஓடிப்போய் மக்கைத் தட்டிவிட்டாள்.

"என்னய்யா பண்றீங்க? செத்துப் போகணுமா? என்கூட இருக்க அவ்வளவு வெறுத்துப்போச்சா?"

"சாகறதுக்கு இல்ல ராஜி." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு டயாலிசிஸ். எடை ஏறியிருந்தா அட்மிட் பண்ணுவாங்க. நீ ரேணுகா வீட்டுக்குப் போவ."

"போயி?"

"தூங்குவ."

மழைச் சத்தத்தில் சரியாகத்தான் கேட்டதா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அந்தப் புள்ளகிட்ட நீ சொன்னது பலகைக்கு அந்தப் பக்கம் கேக்காதா? அப்படி ஒரு தூக்கம்னு சொன்னியே, உன் குரலே வேற மாதிரி இருந்துச்சு. கல்யாணம் ஆன புதுசுல பேசுவியே, அது மாதிரி. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு."

"லூசாய்யா நீங்க?" அவன் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அடித்த கையாலேயே அவன் விழாமல் பிடித்துக்கொண்டாள். "ஒருக்கா மூச்சு நின்னு போயிருந்தா? அக்கா வீட்டுல தூங்கி எந்திரிச்சு நான் என்னத்தக் கேட்டிருப்பேன்? ரெண்டு நாளு போயிட்டு வாடின்னு சொல்ல வாயில்லையா?"

"சொன்னா நீ போவியா?"

போயிருக்க மாட்டாள்.

"பெரியம்மாவை நான் என்ன பேச்சு பேசினேன்! படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? நடங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

ஆண்டாயி கதவைப் பாதிதான் திறந்தாள். இரண்டு பேரையும் தூறலில் நிற்க வைத்தே முழுக்கதையும் கேட்டாள்.

"அட கெட்டிக்காரா! ஒரு பொம்பளையத் தூங்க வைக்க ஒரு குடம் தண்ணியா குடிப்பாங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா நான் வந்து படுத்துக்க மாட்டேனா?" பிறகு ராஜகுமாரியிடம் திரும்பினாள். "உம்மேல எனக்குக் கோவம் தீரல. அது தீர நாளாகும். ஆனா சனிக்கெழம நீ உங்கக்கா ஊட்டுக்குப் போற. இவன நான் காவல் காக்கிறேன்."

"குழாயடிக்கும் விடாதீங்க பெரியம்மா."

"கட்டிப் போட்டுட்டுப் போறியா, கயிறு இருக்கு."

பாண்டியன் அசடு வழியச் சிரித்தான். அவன் சிரிப்பதை நம்பலாமா என்று ராஜகுமாரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அருவங்காட்டில் இறங்கியபோதும் அந்தச் சந்தேகம் கூடவே இறங்கியது. ஒப்புக்கொண்டவன், மறுபடி செய்ய மாட்டான் என்று என்ன நிச்சயம்? ரேணுகா சோறு போடுமுன்பே ராஜகுமாரி போனை எடுத்துவிட்டாள்.

"பெரியம்மா, என்ன பண்றாரு?"

"என்ன பண்றானா? உசிர வாங்குறான். வெயில் அடிக்குதாம், தொண்ட காயுதாம். பாட்டிலு காலியாயிருச்சு, ஒரு மடக்கு குடு, ஒரு மடக்கு குடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். நான் எமகாதகியாம்."

"நெசமா கேக்குறாரா? நடிக்கலையே?"

"இந்தா, நீயே கேளு."

போன் கட்டில் பக்கம் போனது. "உதடு வெடிக்குது பெரியம்மா, நெஞ்சுல ஈரமே இல்லையா உங்களுக்கு? நனைச்சுக்கவாவது குடுங்க" என்று பாண்டியன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். பொய் கலக்காத, எரிச்சல் பிடித்த, தவிக்கிற குரல்.

ரேணுகா தட்டோடு வந்தாள். ராஜகுமாரி கொஞ்சம் இரு என்று கையைக் காட்டிவிட்டு, சுவரில் சாய்ந்தபடி, புருஷன் தண்ணீருக்குத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.